வீட்டில் தைத்தது என்று நான் சொன்ன விரிப்பு

தம்பி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது. கடையில் கூட்டமாக இருந்ததால் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, சாப்பிடக் கடைக்குப் பின்னால் வீட்டுக்குள் வந்த பிறகுதான் பிரித்தேன். உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தொழிற்சாலையில் வேலை பிடித்துப்போனது, அந்த வடக்கத்திக் குளிர் மருமகளுக்கு ஒத்துக்கொண்டது, எல்லாம் கேட்டுச் சந்தோஷப்பட்டாள். கல்யாணத்துக்கு நான் கொடுத்த விரிப்பை மருமகள் கட்டிலில் விரித்ததையும், பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து கையால் தடவிப் பார்த்ததையும் எழுதியிருந்தாய். யார் தைத்தது என்று அவர்கள் கேட்டபோது, 'எங்க அம்மா' என்று சொல்லிவிட்டாயாம். தப்பாக நினைக்காதீர்கள் அப்பா, அப்பா தைத்தது என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொன்னால் புரியாது என்று அதற்கு ஒரு சமாதானம் வேறு. அந்த இடத்தில் நான் வாசிப்பதை நிறுத்தினேன். உன் அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "அப்படியே அப்பன்தான்" என்றாள்.

கடிதத்தின் அடியில், இடம் இல்லாமல் ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்ததையும் படித்தேன். வேலை முடிந்து வந்தால் சாயங்காலம் முழுக்க என்ன செய்வதென்று தெரியவில்லை, ஒருநாள் பழைய சட்டைத் துணியை எடுத்து ஊசி நூலோடு உட்கார்ந்தேன், மனசு அடங்கியது, இப்போது தினமும் கொஞ்சம் போடுகிறேன், யாராவது கதவைத் தட்டினால் தலையணைக்கு அடியில் வைத்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். எப்படி ஆரம்பிப்பது, எதைத் தைப்பது என்றும் கேட்டிருந்தாய். சொல்கிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் இது. ஆனால் அதற்கு முன்னால், அந்த விரிப்பைப் பற்றி நீ சொன்ன பொய்யை உனக்கு முன்பே ஒருவன் சொல்லிவிட்டான் என்பதையும், அதனால் என்ன ஆயிற்று என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். நீ அப்போது மூணாம் கிளாஸ். உன்னை விருதுநகரில் பெரிய மாமா வீட்டில் விட்டிருந்தோம். அதனால் உனக்குக் கதையின் பாதிதான் தெரியும்.

அரிசிக்கு ஜனம் கியூவில் நின்ற வருஷங்கள் அவை. விருதுநகரிலிருந்து பருத்திக்கொட்டை லோடு வந்து நம் மாட்டுத் தீவனக் கடை வாசலில் நின்றது. அவசரத்துக்குப் பிறந்தவன் நான். ஆட்கள் வரும்வரை பொறுக்காமல் கயிற்றை நானே அவிழ்த்தேன். மேலடுக்கு மூட்டைகள் மூன்று சரிந்து வந்து என் தொடையில் விழுந்தன. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காலில் கயிறு கட்டி, கப்பியில் ஓடவிட்டு, கட்டில் முனையில் எடையைத் தொங்கவிட்டார்கள். புரளக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது, மூன்று மாசம் இப்படியே கிட என்று சொல்லிவிட்டார் டாக்டர். கடை என்ன ஆகும் என்ற பயம் எனக்கு. பயத்தைப் பயமாகக் காட்டத் தெரியாமல் கோபமாகக் காட்டினேன். கஞ்சி சூடு என்று கத்துவேன், ஆறிவிட்டது என்று கத்துவேன். பக்கத்துக் கட்டில்காரர் இருமினால்கூட எனக்குப் பொறுக்காது.

ஞானம் என்று ஒரு நர்ஸ் இருந்தாள். திருச்சுழிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயசுதான் இருக்கும். ஒருநாள் நான் கத்திக்கொண்டிருக்கும்போது வந்து, ஒரு சதுரத் துணியையும் ஊசியையும் நூலையும் என் நெஞ்சின் மேல் வைத்தாள்.

"என்ன சிஸ்டர் இது?"

"துணி. ஊசி. நூலு. கடைசிக் கட்டில்ல இருக்கிறவருக்கு இன்னைக்குத்தான் ஆபரேஷன் ஆயிருக்கு. உங்க சத்தத்துல அவரு கண்ணை மூட முடியல அண்ணாச்சி."

"அதுக்கு? நான் என்ன தையக்காரனா?"

"சாக்கு தைப்பீகள்ல?"

"ஒரு நிமிஷத்துக்கு ஒரு மூட்டை தைப்பேன்" என்றேன், வீம்பாக.

சாயங்காலம் வந்து துணியைத் தூக்கிப் பார்த்தாள். வரிசையாக நான் இழுத்திருந்த இழுப்பில் துணி முழுக்கச் சுருங்கி, கசக்கிப் போட்ட காகிதம் மாதிரி இருந்தது. அவள் சிரிக்கவில்லை. "மூட்டையைத் தைச்சா லோடு ஏத்தணும், அதுக்கு அவசரம். இதை எங்க ஏத்தப் போறீக? நூலை இழுத்ததும் விட்டுருங்க. துணி தானா படியட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவ்வளவுதான் அவள் எனக்குச் சொன்னது. வேறு பாடம் எதுவும் எடுக்கவில்லை, அதற்கு அவளுக்கு நேரமும் கிடையாது.

மறுநாள் மெதுவாகப் போட்டுப் பார்த்தேன். ஊசி மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை, சாதாரண ஓட்டுத் தையல். பத்துத் தையலுக்குள் கை ஓடப் பார்த்தது. பிடித்து நிறுத்தினேன். நாற்பது, ஐம்பது தையல் போனதும் எனக்கு ஒன்று தெரிந்தது. காலையிலிருந்து நான் கடையை நினைக்கவே இல்லை. காலில் வலி இருந்தது, ஆனால் வலி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக இருந்தோம். தம்பி, எத்தனையோ வருஷமாகக் கடையில் காலையிலிருந்து இருட்டும்வரை ஓடியவன் நான். ஒரு காரியத்தை அது முடிவதற்காக இல்லாமல், அதைச் செய்வதற்காகவே செய்தது அன்றைக்குத்தான். நீ 'மனசு அடங்கியது' என்று எழுதியிருக்கிறாயே, அதைத்தான் சொல்கிறேன்.

எதைத் தைப்பது என்ற கேள்வி எனக்கும் வந்தது. பூ போட எனக்குத் தெரியாது, மயில் போடவும் தெரியாது. எனக்குத் தெரிந்தது அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோடுதான். சைக்கிளில், மாட்டு வண்டியில், பஸ்ஸில் எத்தனை தடவை போயிருப்பேன். உன் அம்மாவின் நைந்துபோன கறுப்புச் சேலை ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, ஞானம் கொடுத்த சுருங்கின சதுரத்தோடு சேர்த்து, கரிசல் காட்டுக்கு அதை வைத்துக்கொண்டேன். அதில் வெள்ளை நூலால் ரோட்டைப் போட்டேன். ரோட்டோரம் தந்திக் கம்பங்கள். நம் தெருவுக்குப் பின்னால் தறி போடுகிறவர்கள் பாவு முடிந்ததும் மிஞ்சுகிற நூலைக் கொத்துக் கொத்தாகக் கொடுத்தனுப்பினார்கள். சிவப்பு கிடைத்தது, மிளகாய் காயப்போட்ட களத்துக்கு ஆயிற்று. வார்டில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். வீரசோழன்காரர் ஒருவர், கை முறிந்து கிடந்தவர், "ரோட்டைத் திருச்சுழியோட நிறுத்திட்டீகளே, எங்க ஊரு பஸ் ஸ்டாப்புக்கு நேரா பள்ளிவாசல் தெரியும், அதையும் போடுங்க" என்றார். பரளச்சிக்காரர் கருப்பையா, பனை மரத்திலிருந்து விழுந்து இடுப்பில் கட்டுப் போட்டிருந்தவர், தன் கிணற்றைப் போடச் சொன்னார். மூன்று வருஷம் வெட்டியும் தண்ணீர் வராத கிணறு அது. வட்டமாகப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உள்ளே கொஞ்சம் நீல நூலு விடுங்க அண்ணாச்சி. தண்ணி கிடக்கிற மாதிரி" என்றார். நீல நூல் விட்டேன். இப்போது உன் கட்டிலில் கிடக்கிற விரிப்பு இப்படி ஊர் ஊராகச் சேர்ந்து வளர்ந்ததுதான்.

இனி நான் சொல்லப் போவது என் பெருமைக்கு உதவாது. இருந்தாலும் எழுதுகிறேன்.

அந்த மாசங்களில் கடையைத் திறந்து நடத்தியது உன் அம்மா. அதுவரை அவள் கடைக்குள் வந்து நின்றதுகூடக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு வருவாள். கடை எப்படி என்று கேட்டால் "நடக்குது" என்பாள். ஒரு வாரம், எனக்குப் புண்ணாக்கு அனுப்புகிற மொத்த வியாபாரி என்னைப் பார்க்க வந்தார். பல வருஷப் பழக்கம். மழையில் லோடு கொஞ்சம் நனைந்துவிட்டது, அனுசரித்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். நான் சரி என்று சொல்லிவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவிடம், "லோடு வரும். வெயில்ல காயவச்சு வித்துரு. நம்ம பழகினவுக, முகத்தை முறிக்கக் கூடாது" என்றேன். "பார்க்கிறேன்" என்று போனாள். அடுத்த ஞாயிறு வந்து, லோடைத் திருப்பி அனுப்பிவிட்டதாகச் சொன்னாள். "உடைச்சுப் பாத்தேன். உள்ள பச்சையாப் பூசணம் பூத்துக் கிடக்கு. வாயில்லாச் சீவன் திங்கிறது, அதை எப்படி விக்கிறது?" என்றாள். கருப்பையா அதற்கு முந்தின வாரமே ஊருக்குப் போயிருந்தார், மிச்ச வார்டு முழுக்கக் கேட்கும்படி அவளைத் திட்டினேன். உனக்கு என்ன வியாபாரம் தெரியும், பெரிய மனுசனை அவமானப்படுத்திவிட்டாயே என்று. கொண்டுவந்த தூக்குச் சட்டியை ஸ்டூலின் மேல் வைத்துவிட்டு, வழக்கமாகப் போகிற பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸிலேயே போய்விட்டாள்.

அந்த லோடை வேறொரு கடைக்காரர் வாங்கி விற்றார். சுற்றுக் கிராமங்களில் மாடுகள் படுத்தன, சில செத்தும் போயின. நான் வீட்டுக்கு வந்து, கம்பு ஊன்றிக் கடையில் உட்கார ஆரம்பித்த சமயம், காடு மாடு வைத்திருக்கிற சம்சாரிகள் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். "அண்ணாச்சி, நீங்க அந்தச் சரக்கைத் தொடலையே, எங்க மாடு தப்பிச்சது" என்றார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "படுக்கையில கிடந்தாலும் நமக்கு எல்லாம் தெரியும்ல. நான்தான் திருப்பச் சொல்லி அனுப்புனேன்" என்றேன். உன் அம்மா இரண்டடி தள்ளி நின்று தவிடு அள்ளிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்தது. அள்ளுகிற கை ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடியும் அள்ளினாள்.

பெண்கள் பள்ளிக்கூடத்து ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா ஒரு பசு வைத்திருந்தார்கள். பருத்திக்கொட்டை சொல்லிவிட்டுப் போகக் கடைக்கு வந்தவர்கள், என் கால் எப்படி இருக்கிறது என்று விசாரிக்க உள்ளே எட்டிப் பார்த்தார்கள். உள்அறைக் கட்டிலில் விரிப்பு கிடந்தது. குனிந்து பார்த்து, அப்படியே நின்றுவிட்டார்கள். "இது திருச்சுழி ரோடுதானே! இவ்வளவு பொறுமையா யார் போட்டது?" என்று கேட்டார்கள். கடையில் நாலு சம்சாரிகள் நின்றார்கள், எதிர்க்கடைக்காரர் நின்றார். எனக்கு நாக்கு புரண்டது. "வீட்டுல போட்டதுங்க" என்றேன். வீட்டில் என்றால் யார் என்று எல்லோருக்கும் தெரியும். பதினைந்து நாள் கழித்துப் பள்ளிக்கூடத்திலிருந்து பியூன் ஒரு சீட்டுக் கொண்டுவந்தார். ஆண்டு விழாவில் கைவேலைக் கண்காட்சியை உன் அம்மா திறந்து வைத்து, விரிப்பைக் காட்டிப் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று.

சீட்டை வாசித்துக் காட்டினேன்.

"நான் தைச்சேன்னு யாரு சொன்னா?"

"நான்தான். நாலு பேரு முன்னால கேட்டாக. ஆம்பளை உக்காந்து தைச்சான்னு எப்படிச் சொல்றது?"

"ஓஹோ. நான் செஞ்சதுக்கு உங்க பேரு. நீங்க செஞ்சதுக்கு என் பேரு. நல்ல ஏற்பாடா இருக்கே."

"ரெண்டு தையல் சொல்லித் தாரேன். போயிட்டு வந்துரு. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்ல" என்றாள். பிறகு, "நான் போறேன். நீங்களும் வாங்க" என்றாள். பிரச்சினை தீர்ந்தது என்று நான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

ஆண்டு விழா அன்றைக்குச் சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் கடைசிப் பெஞ்சில் கம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு டீச்சர்கள் விரிப்பின் இரு முனைகளைப் பிடிக்க, நடுவில் உன் அம்மா தானும் ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். மேடையில் ஏறிப் பேசுவது அவளுக்கு அதுதான் முதல் தடவை. நடுங்காமல், தைரியமாக நிமிர்ந்து நின்றாள். "எனக்குச் சட்டைக்குப் பொத்தான் வைக்கக்கூட ஒழுங்கா வராது. இதைத் தைச்சது நான் இல்ல, அவுக. கால் ஒடிஞ்சு மூணு மாசம் படுத்துக் கிடந்தப்ப, ஒவ்வொரு தையலா அவுகளே போட்டாக. அந்த மூணு மாசமும் கடையை நடத்தினது நான். கெட்டுப்போன சரக்கைத் திருப்பி அனுப்பினதும் நான்தான். ரெண்டும் எங்க வீட்டுல நடந்ததுதான். ஆனா ஆளை மாத்திச் சொல்லிட்டாக" என்றாள். முன் வரிசையில் இருந்து ஒரு பெண் பிள்ளை எழுந்து, "அப்ப அவுக வந்து எங்களுக்குச் சொல்லித் தருவாகளா?" என்று கேட்டாள். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

நான் எழுந்தேன், தம்பி. அந்தப் பிள்ளைக்கு ஒரு பதில் சொல்லியிருக்கலாம். கம்பை ஊன்றிக்கொண்டு வெளியே நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. உன் அம்மா விரிப்பை மடித்து எடுத்துக்கொண்டு தனியாக வீட்டுக்கு வந்தாள். என் வாழ்க்கையில் நான் திருப்பி எடுத்துக்கொள்ள ஆசைப்படுகிற நடை அது ஒன்றுதான்.

ஒரு மாசம் வீட்டில் பேச்சு இல்லை. அவள் சோறு வைப்பாள், நான் சாப்பிடுவேன். ஊசியை நான் தொடவில்லை. விரிப்பு டிரங்குப் பெட்டிக்குள் போய்விட்டது. பஜாரில் சும்மா விடுவார்களா? "அண்ணாச்சி, வேட்டி ஓரம் பிஞ்சு கிடக்கு, தைச்சுத் தாரீகளா?" என்பான் ஒருவன். எதிர்க்கடைக்காரர் தன் மகளுக்குத் தாவணி ஓரம் அடிக்க வேண்டும் என்று சத்தமாகச் சொல்வார். ஒவ்வொரு கிண்டலுக்கும் எனக்கு உன் அம்மா மேல்தான் கோபம் வரும். அவள் சொன்னது பொய்யா என்று மனசு கேட்கும். இல்லை. அப்புறம் ஏன் கோபம்? அப்படிக் கேட்கக் கேட்கக் கோபம் இன்னும் கூடும்.

அப்போதுதான் ஒருநாள் காலையில் பரளச்சிக் கருப்பையா வந்தார். தனியாக வரவில்லை. மனைவி, மனைவியின் தம்பி, இரண்டு பெண் பிள்ளைகள் என்று வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். கடையில் நல்ல கூட்டம். வாசலில் நின்றபடியே, "அண்ணாச்சி, அந்த விரிப்பை எடுங்க. எங்க ஊரு அதுல இருக்குன்னு சொன்னா இவ நம்ப மாட்டேங்கா" என்று சத்தம் போட்டார். எனக்கு முகம் சுருங்கியது. "அப்புறம் பாப்போம்யா" என்றேன். "அப்புறம் என்ன, இதுக்குன்னே வண்டி கட்டியாந்திருக்கேன். நான் சொல்லச் சொல்ல நீங்க போட்டது தானே!" என்றார். ஆறடி ஆள், பனையேறி, காட்டில் ஒற்றையாகக் கிணறு வெட்டுகிறவர். ஒரு ஆண்பிள்ளை தைத்ததைப் பார்க்கத் தன் குடும்பத்தையே கூட்டிக்கொண்டு வந்து, நாலு பேர் நடுவில் சத்தம் போட்டுக் கேட்கிறார். அவருக்கு அதில் வெட்கப்பட ஒன்றுமே தெரியவில்லை. நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே உன் அம்மா உள்ளே போய் விரிப்பை எடுத்துவந்து, மூட்டைகளின் மேல் விரித்துவிட்டாள்.

கருப்பையாவின் மனைவி தேடித் தேடி, கிணற்றின் மேல் விரலை வைத்தாள். நீல நூலைத் தடவினாள். "இங்கயாவது தண்ணி கிடக்கே" என்று சொல்லிச் சிரித்தாள். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். வந்தவர்கள் அவரவர் ஊர் எங்கே என்று தேட ஆரம்பித்தார்கள். கமுதி ரோட்டுக்காரர் ஒருவர் தன் ஊர் இல்லை என்று என்னோடு சண்டைக்கே வந்துவிட்டார். அந்தச் சத்தத்துக்கு நடுவில் கருப்பையா சொன்னார். "இது ஒரு பக்கம் இருக்கட்டும். அன்னைக்கு அந்தச் சரக்கை நீங்க திருப்பி அனுப்பினீக பாருங்க, எங்க ரெண்டு மாடும் இன்னைக்கு உசுரோட நிக்குது."

இந்தத் தடவை நான் உன் அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"திருப்பினது நான் இல்லய்யா" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "வாங்கி வித்துருன்னுதான் நான் சொன்னேன். கேக்காமத் திருப்பி அனுப்பினது இவுக. அதுக்காக ஆஸ்பத்திரியில நாலு பேரு முன்னால இவுகளைத் திட்டவும் செஞ்சேன். அது என் தப்பு."

கருப்பையாவின் மனைவி உன் அம்மாவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். உன் அம்மா மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டு, தராசுப் பக்கம் திரும்பி, என்னிடம் சொன்னாள்: "சாக்கைப் பிடிங்க. அவுக வண்டி பூட்ட நேரமாகுது." ஒரு மாசத்துக்குப் பிறகு அவள் என்னோடு பேசிய முதல் வார்த்தை அது. பிடித்தேன்.

அன்றிலிருந்து காலைக் கடை அவளுடையது. கொள்முதலும் அவள் பார்த்துத்தான். நான் மத்தியானத்துக்கு மேல் உட்காருவேன், கூட்டம் இல்லாத நேரத்தில் வாசல் வெளிச்சத்தில் நாற்காலி போட்டுத் தைப்பேன். நீ ஊர் திரும்பியபோது பார்த்தது இந்த அப்பாவைத்தான். கிண்டல் நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன். இன்றைக்கும் ஒன்றிரண்டு பேர் சொல்வார்கள். ஆனால் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சிரித்துவிட்டு விடுகிற அளவுக்கு அது இளைத்துப்போய்விட்டது. கருப்பையா வந்துபோனதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போனேன். கேள்வி கேட்ட பிள்ளையைத் தேடி, "வாரேன்னு சொல்லாம எந்திரிச்சுப் போனது தப்பு தாயி" என்றேன். அவள் கைக்குட்டையை நீட்டி, அதில் தான் போட்டிருந்த கிளியைக் காட்டினாள். என்னுடையதைவிட நன்றாக இருந்தது.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். நூலை உன் முழங்கை நீளத்துக்கு மேல் எடுக்காதே, சிக்கல் விழும். புதுத் துணி வாங்காதே. நைந்த துணியில்தான் ஊசி சுகமாக இறங்கும். பென்சிலால் படம் வரைந்துகொண்டு அதன் மேல் போகாதே, உனக்குத் தெரிந்த ஒன்றை, தினமும் பார்க்கிற ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு முனையில் ஆரம்பி. உன் தொழிற்சாலைப் புகைக்கூண்டு போதும். கோணலாகப் போன தையலைப் பிரிக்காதே. என் விரிப்பில் முதல் வரிசை முழுக்கச் சுருங்கித்தான் இருக்கிறது, உனக்குக் கொடுக்கும்வரை அதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். யாருடைய பிறந்த நாளுக்கும் முடித்துக் கொடுப்பதாக வாக்குக் கொடுக்காதே. நாள் குறித்தால் கை மூட்டை தைக்கப் போய்விடும். ஒரு சாயங்காலத்துக்கு ஒரு விரற்கடை நகர்ந்தால் அதுவே நிறைய. தலையணைக்கு அடியில் வைக்கிறாயே, அதை நிறுத்து. மறைத்துச் செய்கிற கை எப்போதும் காதைக் கதவில்தான் வைத்திருக்கும், தையலில் இருக்காது. பக்கத்து வீட்டுக்காரர்களை ஒருநாள் காப்பிக்குக் கூப்பிட்டு, விரிப்பைப் போட்டது எங்க அப்பா என்று சொல். புரியாது என்று நீயே முடிவு கட்டாதே. சொல்லிப் பார்.

இன்னொன்றும் இருக்கிறது, இதை நீ கேட்கவில்லை. குவார்ட்டர்ஸ் கிடைக்கும்வரை வெளியே நல்ல வீடாகப் பிடித்துவிட்டேன் என்று போன மாசம் எழுதியிருந்தாய். அதே வாரம் மருமகள் உன் அம்மாவுக்கு எழுதிய கடிதமும் வந்தது. பாஷை தெரியாத ஊரில், கையைக் காட்டிப் பேசிப் பேசி, ஒன்பது வீடு ஏறி இறங்கி, அந்த வீட்டை அவள் பிடித்திருக்கிறாள். அதைக் குறையாக எழுதவில்லை, வேடிக்கையாகத்தான் எழுதியிருந்தாள். உன் அம்மா இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து என்னிடம் காட்டினாள். நான் செய்த இரண்டு தப்பையும் நீ கல்யாணமான மூன்றே மாசத்தில் செய்து முடித்துவிட்டாய். எனக்குப் பத்து வருஷம் பிடித்தது. நீ என்னைவிட வேகமானவன், திருத்திக்கொள்வதிலும் வேகமாக இரு. யார் செய்தது என்று கேட்டால் செய்தவர் பேரைச் சொல். குடும்பம் நடத்துவதைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், இதில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

எழுதி முடித்து உன் அம்மாவுக்கு முழுக்க வாசித்துக் காட்டினேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டாள். பள்ளிக்கூடத்து இடம் வந்தபோது கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள்.

"நடுங்காம நின்னேன்னு எழுதியிருக்கீக. அது தப்பு. எனக்குக் கால் ரெண்டும் வெடவெடன்னு ஆடுச்சு. விரிப்பு முன்னால மறைச்சிருந்துச்சு, அதான் யாருக்கும் தெரியல."

பதினைந்து வருஷமாக எனக்கு இது தெரியாது, தம்பி. "அப்படிப் பயந்தவ ஏன் மேடை ஏறினே?" என்று கேட்டேன்.

"நீங்க பின்னால உக்காந்திருந்தீகள்ல. எதுனாலும் எந்திரிச்சு வந்து பக்கத்துல நிப்பீகன்னு நெனச்சேன்."

எழுந்தேன்தான். எந்தப் பக்கம் நடந்தேன் என்பதை மேலே எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தாமல், அவள் சொன்னதை அப்படியே இங்கே சேர்த்திருக்கிறேன். பேனாவை மூடிவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்காரப் போகிறேன். அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

உன் அப்பா